ஆளில்லாத் தோட்டத்தின் தலைவர்

தோட்டத் தலைவர் கணேசமூர்த்தியின் கண்ணுக்கு முதன்முதலில் தெரியாமல் போனவள் நீலாவதி. அது 2019ஆம் ஆண்டு மார்ச் மாதத்து முதல் ஞாயிறு, காலை எட்டேகால் மணி. அன்று மளிகைக்காரர் சுவாவின் கடையில் கோழி கிலோ எட்டு ரிங்கிட். அவர் அவள் பெயரைக் கூப்பிட்டார். பத்தடி தள்ளி நின்ற அவள் "இருக்கேன்" என்றாள். அவர் மறுபடி கூப்பிட்டார், அவள் மறுபடி சொன்னாள். "ஆளக் காணோம்" என்று பேரேட்டில் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். நாங்கள் சிரித்தோம். தலைவர் விளையாடுகிறார் என்று நினைத்தோம். எங்கள் அறிவு அவ்வளவுதான்.

செம்மண்மேட்டுத் தோட்டத்தில் அப்போது முப்பத்தெட்டுக் குடும்பங்கள். ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்து, செம்பனை வெட்ட வெளிநாட்டு ஆட்கள் வந்தபின், நாங்கள் மோட்டார் சைக்கிளில் செனாவாங் தொழிற்சாலைகளுக்கு ஷிப்டு வேலைக்குப் போனோம். பழையதில் மிச்சமிருந்தவை வரிசையாக ஒட்டிய லயத்து வீடுகளும் பெரட்டும்தான். அந்தக் காலத்தில் விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்களே, அந்தப் பெரட்டு. வேலை போனபிறகும் அதை விடாமல், மாதத்தின் முதல் ஞாயிறு மாரியம்மன் கோயில் முன்னால் வைத்துக்கொண்டவர் எங்களை வேலை வாங்கிய கடைசி மண்டோர் சன்னாசி. அவர் ஞானியெல்லாம் கிடையாது. வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான். ஆனால் பேரேட்டில் தன் பெயரை முதலில் எழுதி, தானே கூப்பிட்டு, "இருக்கேன்டா" என்று தானே பதில் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களைக் கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவர் குறை சொல்லலாம். கடைசி ஆள் சொல்லி முடிக்கும்வரை தலைவர் உட்காரக்கூடாது. முட்டி வீங்கிய காலத்திலும் செம்பனை மட்டையை ஊன்றிக்கொண்டு நின்றார். அவர் செத்ததும் நாங்கள் கணேசமூர்த்தியைத் தேர்ந்தெடுத்தோம். காரணம் கேட்டால் வெட்கக்கேடு: அவர் மைக்கில் நன்றாகப் பேசுவார்.

பேசினார், பேசினார். ஒரு தலைவனுக்கு வேண்டிய குணங்கள் என்று திருவிழாவுக்குத் திருவிழா நாற்பது நிமிடம். நீதி, பொறுமை, ஈகை, எளிமை என்று அவர் அடுக்க அடுக்க, வெயிலில் நின்ற பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். எளிமையைப் பற்றிப் பேசும்போது அவர் கழுத்தில் நான்கு மாலை இருக்கும். பதவிக்கு வந்த முதல் மாதமே பேரேட்டிலிருந்து தன் பெயரை அடித்துவிட்டார். கூப்பிடுகிறவனை யார் கூப்பிடுவது என்று கேட்டார். இரண்டாம் மாதம் கோயில் முன்னால் ஒரு சோபா வந்தது.

நீலாவதி செய்த குற்றம் ஒரு கேள்வி. அந்தப் பிப்ரவரியில் குழாயில் தண்ணீர் இல்லை. தண்ணீர் லோரி கொண்டுவந்த பொதுத் தொட்டியை அவர் தன் வீட்டுக் கேட்டுக்குள் இறக்கி வைத்துக்கொண்டார். அவள் புருஷன் மகேந்திரன் செம்பனை வெட்டும்போது குலை மேலே விழுந்து முதுகு ஒடிந்து ஆறு வருடமாகப் படுக்கையில் கிடந்தவன். அவனைக் கழுவத் தினம் நான்கு வாளி வேண்டும். பெரட்டில் நேராகக் கேட்டாள்: "தொட்டி எல்லாருக்கும்தானே தலைவரே, ஒங்க வூட்டுக்குள்ள என்னா வேல அதுக்கு?" அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பினார். திருப்பிய முகம் திரும்பவே இல்லை. அடுத்த மாதம் அவளைக் காணவில்லை. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் அவள்மேல் நேராக மோதிவிட்டு, பக்கத்திலிருந்த விளக்குக் கம்பத்தை முறைத்துவிட்டுப் போனார்.

அதன்பிறகு ஒவ்வொருவராகப் போனோம். சாலைக் குழியைக் கேட்டவன் போனான். விழாவில் தன் வீட்டுப் பெண்ணுக்கு மேடையில் இடம் தராததைக் கேட்டவன் போனான். ஏப்ரலில் இரண்டு குடும்பம், தீபாவளிக்குள் ஏழு. இதில் எங்கள் புத்தியையும் சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரியவில்லை என்றதும் அவர் எதிரிலேயே அவருடைய ரம்புத்தானைப் பறித்துத் தின்றோம். பழம் தானாகக் காணாமல் போவதைப் பார்த்து அவர் வனவிலங்கு இலாகாவுக்குக் குரங்கைப் பற்றிப் புகார் எழுதினார். அவருக்கும் சந்தோஷம், எங்களுக்கும் சந்தோஷம். குறை சொல்ல ஆளில்லாத பெரட்டு பத்து நிமிடத்தில் முடிந்தது. "என் ஆட்சியில ஒரு கொற இல்ல, பாத்தியா?" என்பார். செயலாளர் ஷங்கர், "சரிதான் தலைவரே" என்பான். அவனுக்குத் தெரிந்த தமிழ் அந்த இரண்டு சொல்தான்.

2022இல் கடிதம் வந்தபோதுதான் சிரிப்பு நின்றது. தோட்டம் தாமான் என்கிற புதுக் குடியிருப்பு ஆகப் போகிறது. குடியிருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வீடு. ஆனால் யார் குடியிருக்கிறார்கள் என்பதை அதிகாரி முன்னிலையில் பெரட்டு எடுத்து, எடுத்தவர் கையெழுத்துப் போட வேண்டும். பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் முப்பது நாளில் வெளியேற வேண்டும். தலைவர் கண்ணுக்கு அன்றைக்குத் தெரிந்தது தன் வீட்டோடு ஒன்பது வீடு. படுக்கையில் கிடக்கும் மனுஷனைத் தூக்கிக்கொண்டு நீலாவதி எங்கே போவாள்? முப்பது நாளில் வாடகை வீடு தருகிறவன் எவன்?

தெரிகிற குடும்பங்களில் ஏழு, அவமானத்திலோ பயத்திலோ, மற்றவர்களுக்காகப் பேசப் போயின. ஒரே சாயங்காலத்தில் ஏழும் மறைந்தன. கடைசியாக அவர் மனைவி ரோகினி வாய் திறந்தாள். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை. "அவங்கல்லாம் இருக்காங்கங்க. ஒங்களுக்குத்தான் தெரியல." அவர் பொய்க்காரி என்று கத்தினார். மறுநாள் காலையில் தேநீர்க் கோப்பை அந்தரத்தில் மிதந்து வந்து அவர் முன்னால் உட்கார்ந்தது. மத்தியானம் சோறு வந்தது. துவைத்த வேட்டி மடிந்து வந்தது. கட்டினவளை எங்கே என்று ஒரு வார்த்தை தேடவில்லை அந்த மனுஷன். அம்மன் தனக்கு நேரடியாகப் பணிவிடை செய்கிறாள் என்று ஷங்கரிடம் கண் கலங்கச் சொன்னார். "சரிதான் தலைவரே" என்றான் அவன்.

பெரட்டு நாளன்று அதிகாரி ஜெயசங்கர் தெமியாங் அலுவலகத்திலிருந்து வந்தார். மூன்று தலைமுறையாகக் கிராணி என்னும் எழுத்தர் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக் குடும்பம். காகிதத்தில் இருப்பதை மட்டும் நம்பும் ஜாதி. மகேந்திரனைக் கதவுப் பலகையில் வைத்து நான்கு பேர் தூக்கி வந்திருந்தோம். கணேசமூர்த்தி சோபாவில் உட்கார்ந்து பேரேட்டைப் பிரித்தார். கூப்பிட்ட பெயர் ஒவ்வொன்றுக்கும் "இருக்கேன்", "இருக்கேன்" என்று தொண்டை கிழியக் கத்தினோம். அவர் கோடு கோடாகப் போட்டுக்கொண்டே போனார். அப்போதுதான் ஷங்கருக்கு, அவன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, முதுகெலும்பு முளைத்தது. "தலைவரே, எல்லாரும் முன்னாலதான் நிக்கறாங்க லா" என்றான். அவர் அவனை ஒரு பார்வை பார்த்தார். அதுதான் அவனைப் பார்த்த கடைசிப் பார்வை. பட்டியலின் அடியில் "ஆளில்லாத் தோட்டம்" என்று அழகான கையெழுத்தில் எழுதி, ஒப்பமிட்டு, பேரேட்டைச் சோபாவில் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

அதிகாரி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஆக்கள் நிக்கினம், நானும் பாக்கிறன். ஆனா பேப்பரில ஒருத்தரும் இல்லையே" என்றார். பெண்கள் அழுதார்கள். ஆண்கள் ஒருவரையொருவர் திட்டினார்கள். நீலாவதி இரண்டையும் செய்யவில்லை. "பெரட்டு எடுத்தவர் ஒப்பம்னுதானே கடுதாசில இருக்கு? தலைவர்னு இல்லையே சார்?" என்று கேட்டாள். அவர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "இல்லை" என்றார்.

அவள் புதுப் பக்கம் புரட்டினாள். சோபாவைத் தள்ளிவிட்டு நின்றாள். முதலில் தன் பெயரைக் கூப்பிட்டு, "இருக்கேன்" என்று தானே சொல்லி எழுதினாள். பிறகு ஒவ்வொரு பெயராக. பதில் வந்தால்தான் எழுதினாள். தொட்டி விஷயத்தில் வாய் திறக்காத வீடுகளையும், தான் தண்ணீர் கேட்டுப் போனபோது தலைவர் வீட்டுக் கேட்டைச் சாத்திய ஷங்கரையும் அதே குரலில் கூப்பிட்டாள். முப்பத்தேழு முடிந்தது. அதிகாரி பேனாவை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"கணேசமூர்த்தி" என்று கூப்பிட்டாள்.

"விடுக்கா, அந்தாளு கெடந்து சாவட்டும்!" என்று கூட்டமே கத்தியது. நானும் கத்தினேன், இப்போதும் அதற்காக வருத்தமில்லை. என் கையில் பேனா இருந்திருந்தால் கோடு போட்டிருப்பேன். அவரோ எங்கள் நடுவில் நின்று, காலியான மைதானத்தைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மூன்று தடவை கூப்பிட்டாள். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

"அவருக்கு நம்ம யாரும் தெரியல. எனக்கு அவர் தெரியறாரே, நான் எப்படி இல்லன்னு எழுதறது?" என்றாள்.

கூட்டத்தின் பின்னாலிருந்து ரோகினி, "இருக்காரு" என்றாள். நீலாவதி முப்பத்தெட்டாவது பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மதிய ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாள்.

இப்போது தாமானில் எல்லோருக்கும் வீடு இருக்கிறது. பெரட்டும் நடக்கிறது. நீலாவதி நின்றுகொண்டே எடுக்கிறாள். சோபா மழையில் நனைந்து கோழிகளுக்குப் பயன்படுகிறது. கணேசமூர்த்திக்கு முனை வீடு. தினம் காலையில் மாலை போட்டுக்கொண்டு தெரு நடுவில் நின்று, நல்ல தலைவனின் குணங்களைப் பற்றி நாற்பது நிமிடம் பேசுகிறார். மோட்டார்கள் சுற்றிப் போகின்றன. ஆளே இல்லாத ஊரில் குப்பை தானாக அள்ளப்படுவதையும், விளக்கு தானாக எரிவதையும், சோறு தானாக வருவதையும் பார்த்து, தன் ஆட்சியின் மகிமை என்று பூரிக்கிறார். போன வருடம் தெருவுக்குத் தார் போட வந்தவர்கள் அவர் பேச்சை முடிக்கட்டும் என்று சற்று நேரம் பார்த்தார்கள். பிறகு அவர் காலைச் சுற்றி ஒரு சதுரம் விட்டுவிட்டுப் போட்டார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு அவர் பெயர் கடைசியாகக் கூப்பிடப்படுகிறது. ரோகினி கையிலிருக்கும் காய்கறிப் பையைக் கீழே வைக்காமலே, "இருக்காரு" என்கிறாள்.