குமாஸ்தா திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை

மீன்களுக்குப் பெயர் வைத்தது என் மனைவி. பெரியது மேடம், சின்னது குமாஸ்தா. மேடம் முன்னால் போவாள், குமாஸ்தா இரண்டு விரல் தள்ளிப் பின்னால் வருவான். தீனி போட்டால் மேடம் முதலில் எடுப்பாள், மிச்சம் மீதி அவனுக்கு. இரண்டுக்கும் ஒரே ஆரஞ்சு நிறம், அதே மூன்று வெள்ளைப் பட்டை. அளவில்தான் வித்தியாசம். கடையில் கோமாளி மீன், உப்புத் தண்ணீரில்தான் வாழும் என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

நான் அப்போது ஒரு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு வேலை பார்த்தேன். மாலை ஏழுக்குப் போனால் காலை ஏழுக்கு முடியும். அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பகல் வேலை. நான் வீட்டுக்குள் நுழைந்து ஒரு மணி நேரத்தில் அவள் கிளம்பிவிடுவாள். அவள் திரும்பி வந்து காபி போடும்போது நான் சட்டை மாட்டிக்கொண்டிருப்பேன். இப்படி ஆறு வருஷம். மீன்தொட்டி வேண்டும் என்று அவள் கேட்டபோது எதற்கு என்றேன்.

"வீட்ல அசையற மாதிரி ஏதாவது ஒண்ணு வேணும். லீவு நாள்ல வீட்ல இருந்தாலும் நீங்க அசைய மாட்டேங்கறீங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

வாங்கி ஒரு வருஷம் கழித்து, ஒரு நாள் காலையில் கட்டைவிரலை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நகத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ரத்தம். பாசி துடைக்கத் தொட்டிக்குள் கை விட்டபோது மேடம் கடித்துவிட்டாளாம். மீன் என்றால் கடிக்கத்தான் செய்யும் என்று சொல்லிப் போர்வையை இழுத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் தினமும் ஒரு செய்தி இருந்தது. மேடம் குமாஸ்தாவை மூக்கால் இடித்து மூலைக்குத் தள்ளுகிறாள். அவன் ஒருக்களித்துச் சாய்ந்து, தலையிலிருந்து வால் வரை நடுங்குகிறான். வலிப்பு மாதிரி இருக்கிறது. இரண்டு நொடிதான், அப்புறம் நின்றுவிடுகிறது, மறுபடி வருகிறது. தொட்டிக்குள் சாய்த்து வைத்திருந்த மண்ஜாடியின் உள்பக்கம் கடுகு மாதிரி ஆரஞ்சுப் புள்ளிகள் படிந்திருந்தன. பூஞ்சை என்று நினைத்து, ஜாடியை எடுத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி வைத்தாள். அதற்கப்புறம் மேடத்துக்கு வெறி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. கை உள்ளே போனால் மணிக்கட்டு வரை பாய்ந்து வந்தாள். இரண்டு வாரத்தில் புள்ளிகள் மறுபடி வந்தன. இவள் மறுபடி தேய்த்தாள். மூன்று தடவை அப்படிச் செய்தாள்.

நான் இறங்கும் பஸ் நிறுத்தத்துக்கு எதிரிலேயே மீன் கடை. ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள் என்றாள். நாளைக்குக் கேட்கிறேன் என்றேன். இரண்டு மாதம் நாளைக்கு என்றே சொன்னேன். அவளே போய்க் கேட்டிருக்கலாம். அதையும் ஒரு நாள் சொன்னேன். அவளுக்கு வேண்டியது கடைக்காரர் சொல்லும் பதில் இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. சண்டை போட இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டும். ஒரு மாலை, அக்கா வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று பையை எடுத்தாள். இன்னொரு கையில் மூடி போட்ட பக்கெட். உள்ளே குமாஸ்தா.

"அவன் எதுக்கு?" என்றேன்.

"இவனையாவது காப்பாத்தறேன்."

வேலைக்கு நேரமாகிவிட்டது. பஸ் நிறுத்தம் வரை பக்கெட்டை நான் தூக்கிக்கொண்டு போனேன். அவள் பஸ் முதலில் வந்தது.

ஏழு மாதம் போனது. ஞாயிறுகளில் போன் பேசுவோம். அக்கா வீட்டில் சின்னத் தொட்டி ஒன்று வாங்கியிருந்தாள். குமாஸ்தா நன்றாகச் சாப்பிடுகிறான், உடம்பு போட்டிருக்கிறான், துணைக்கு ஒரு பொடிசு வாங்கி விட்டேன் என்றாள். மேடம் எப்படி இருக்கிறாள் என்று கேட்பாள். இருக்கிறாள் என்பேன். நீங்க எப்படி இருக்கீங்க என்று அதற்குப் பிறகுதான் வரும், சில ஞாயிறுகளில் வராமலும் போகும்.

ஆறாவது மாதம் இரவு வேலையை விட்டேன். அவளுக்காக விட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் அப்படி இல்லை. ஒரு நாள் காலையில் பஸ்ஸில் தூங்கிவிட்டேன். கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் தோளைத் தட்டி எங்கே இறங்கணும் என்று கேட்டார். எனக்குச் சட்டென்று சொல்ல வரவில்லை. அன்றைக்கு மாலை வேலைக்குப் போகவில்லை. பிறகு ஒரு பார்சல் ஆபீசில் பகல் வேலை கிடைத்தது. அவளிடம் போனில் சொன்னேன். "நிஜமாவா?" என்றாள். குரல் மாறியிருந்தது.

மாலைகளில் செய்ய வேலையில்லாமல் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். முதல் தடவையாக அதைப் பார்த்தேன் என்றே சொல்லலாம். மேடம் தனியாகக் கண்ணாடியை ஒட்டி மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தாள். ஒரு வியாழக்கிழமை வேலை முடிந்து வரும்போது மீன் கடைக்குள் நுழைந்தேன்.

கடைக்காரர் தோள் வரை கையை ஒரு தொட்டிக்குள் விட்டுக் கல்லை நகர்த்திக்கொண்டிருந்தார். நான் சொன்னதையெல்லாம் திரும்பாமலே கேட்டார். ஜாடியைத் தேய்த்துக் கழுவியதைச் சொன்னபோது மட்டும் கையை வெளியே எடுத்தார். அது பூஞ்சை இல்லை, முட்டை என்றார். முட்டையைக் காக்கும்போது கோமாளி மீன் தன்னைவிட நூறு மடங்கு பெரியதையும் கடிக்கும். கடிக்கவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

"அப்ப அந்த நடுக்கம்?" என்றேன்.

"அது வலிப்பு இல்ல சார். நீங்கதான் பெருசு, நான் சண்டைக்கு வரலன்னு சொல்றது. அது நடுங்கற வரைக்கும் வீட்ல சமாதானம்னு அர்த்தம்."

கையைத் துடைத்துக்கொண்டே மேலும் சொன்னார். இந்த மீன்கள் பிறக்கும்போது எல்லாம் ஆண்தான் அல்லது ஆணாகப் போகிறவைதான். கூட்டத்தில் பெரியது பெண்ணாகிவிடும். அடுத்தது ஆணாக இருக்கும். பெரியது இல்லாமல் போனால் அந்த ஆண் வளர்ந்து பெண்ணாக மாறும். மாறிவிட்டால் திரும்ப வழியில்லை. எத்தனை மாதமாகப் பிரித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஏழு என்றேன். அதைவிடச் சின்ன மீன் ஏதாவது கூட இருக்கிறதா என்றார். இருக்கிறது என்றேன்.

"அப்ப உங்க குமாஸ்தா மேடம் ஆகியிருப்பாங்க சார்," என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "ஒரு தொட்டில ரெண்டு மேடம் ஆகாது. சேர்த்து விட்றாதீங்க. ஒண்ணு செத்துடும்."

சனிக்கிழமை அவள் போன் செய்தாள். வழக்கம் ஞாயிறுதான். நாளைக்கு வரட்டுமா என்று கேட்டாள். தங்குவதற்கு. பெட்டிகளை அத்தான் திங்கட்கிழமை வண்டியில் ஏற்றி அனுப்புவார். பொடிசை அக்கா மகளிடம் விட்டுவிட்டு, குமாஸ்தாவை மட்டும் கையோடு கொண்டு வருகிறேன் என்றாள்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. மீனைக் கொண்டு வராதே என்று நான் சொன்னால் அவள் காதில் வேறு மாதிரி விழுமோ என்று பயந்தேன். ஏற்கெனவே ஒரு நூலிழை நம்பிக்கையில் வருகிறவள். "வா," என்றேன். "ரெண்டு பேரும் வாங்க."

ஞாயிறு காலை அவள் வருவதற்கு முன்பே ஒரு பக்கெட் தண்ணீரில் கடல் உப்பைக் கலந்து, காற்றடிக்கும் பம்பு ஒன்றைப் போட்டு, சமையலறைக் கதவுக்குப் பின்னால் வைத்தேன். சண்டை வந்தால் சட்டென்று பிரித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

பத்து மணிக்கு வந்தாள். இளைத்திருந்தாள். வீட்டைச் சுற்றிப் பார்த்து, ஜன்னல் திரையைத் துவைத்திருக்கிறீர்களே என்றாள். பக்கெட்டில் குமாஸ்தா மேடம் அளவுக்கு இருந்தான். தொட்டித் தண்ணீரைக் கோப்பை கோப்பையாகப் பக்கெட்டில் ஊற்றிப் பழக்கிக்கொண்டே பேசினாள்.

"பாருங்க, இப்பல்லாம் நடுங்கறதே இல்ல. அங்க போய் கொஞ்ச நாள்லயே நின்னுடுச்சு. பயம் போயிடுச்சு பாவம்."

"ம்," என்றேன்.

"முதல்ல கொஞ்சம் முறைச்சுப்பாங்க. அப்புறம் சரியாயிடும். இல்லீங்களா?"

அதற்கும் "ம்" என்றேன்.

அவளே வலையில் எடுத்து உள்ளே விட்டாள். மேடம் வரவில்லை. ஜாடிக்குப் பக்கத்தில் நின்றபடி பார்த்தாள். குமாஸ்தா எதிர் மூலையில் நின்றான். கால் மணி நேரம் எதுவும் நடக்கவில்லை. நான் மூச்சு விட்டேன். கடைக்காரர்கள் சொல்வதெல்லாம் நடந்துவிடுமா என்று கூட நினைத்தேன். சாப்பிடலாம் வாங்க என்று அவள் கூப்பிட்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு இரண்டு தட்டு வைத்தோம். அவள் கடையில் ஒருவர் கண்ணாடியைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டு எழுத்துத் தெரியவில்லை என்று சண்டை போட்ட கதையைச் சொன்னாள். நான் சத்தமாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பில்தான் எனக்குக் கேட்கவில்லை.

அவளுக்குக் கேட்டது. சிறு கல்லைக் கண்ணாடியில் தட்டுவது போல டக், டக் என்று ஒரு சத்தம். அந்த மீன்கள் சண்டையில் அப்படிச் சத்தம் போடும். ஓடிப் பார்த்தபோது இரண்டும் வாயை வாய் கவ்விச் சுழன்றுகொண்டிருந்தன. குமாஸ்தாவின் வால் நார் நாராகத் தொங்கியது. ஒரு கண் வெளுத்திருந்தது. அப்போதும் அவன் நடுங்கவில்லை. பின்வாங்கவும் இல்லை. நான் வலையை உள்ளே விட்டேன். அவனை எடுத்த பிறகும் மேடம் வலையைத் துரத்திக்கொண்டு மேல் வரை வந்தாள்.

கதவுக்குப் பின்னாலிருந்து பக்கெட்டை இழுத்து அவனை உள்ளே விட்டேன். ஒருக்களித்துக் கீழே போனான். செவுள் மட்டும் அசைந்தது. அவள் பக்கெட் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கை கழுவவில்லை, சோறு விரலிலேயே காய்ந்தது. மூன்று மணி வாக்கில் செவுளும் நின்றது.

அதற்குப் பிறகுதான் அவள் பம்பைப் பார்த்தாள். பிளக் போட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"இந்தத் தண்ணிய எப்பக் கலக்கினீங்க?"

"காலைல."

"அப்ப இப்படி ஆகும்னு தெரியும்."

"கடைக்காரர் சொன்னார். வியாழக்கிழமை."

"நேத்து நான் போன் பண்ணினேனே."

"கொண்டு வராதேன்னு சொன்னா நீயும் வராம இருந்துடுவியோன்னு..."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவனை அக்கா வீட்ல விட்டுட்டு வந்திருப்பேன். அவ்வளவுதான்," என்றாள். பிறகு பக்கெட்டைப் பார்த்தபடி, "ஆறு வருஷம் நீங்க தூங்கிட்டு இருந்தீங்கன்னு சொல்லி என்னை நானே சமாதானம் பண்ணிக்கிட்டேன். இன்னைக்கு முழிச்சுட்டுத்தான இருந்தீங்க?"

எழுந்து கை கழுவினாள். என் தட்டையும் சேர்த்துத் துலக்கி வைத்தாள். குமாஸ்தாவை ஒரு பழைய துணியில் சுற்றிப் பையின் மேலாக வைத்துக்கொண்டாள். கொண்டுவிடட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள். கதவைச் சத்தம் வராமல் சாத்தினாள். பகலில் நான் தூங்கும்போது சாத்துவாளே, அந்தப் பழக்கம்.

ஐந்தரை மணிக்கு அவள் அக்கா போன் செய்தார். நாளைக்கு வண்டியை எத்தனை மணிக்கு அனுப்பச் சொல்லட்டும், அவள் இங்கே வாங்கின பீரோ ஏற மாடிப்படி அகலம் போதுமா என்று உற்சாகமாகக் கேட்டார். தங்கை இன்னும் பஸ்ஸில் இருந்திருப்பாள்.

வண்டி வேண்டாங்க அண்ணி என்றேன். ஏன் தம்பி என்றார். கடைக்காரர் சொன்னதிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. ஜாடியைத் தேய்த்தது, நடுக்கம், உப்புத் தண்ணீர், பம்பு, சாப்பிடும்போது அவள் சொன்ன கண்ணாடிக் கதை எல்லாம்.

"இவ்வளவையும் அவகிட்ட சொன்னீங்களா தம்பி?"

அவள் கேட்டதற்கு மட்டும் சொன்னேன் என்றேன்.