பத்தொன்பதாவது ஓட்டு

சலூன்காரர் சொல்லும் எண்ணிக்கை தப்பாது என்று ஊரே சொல்லும். மூன்று தேர்தலாகத் தப்பவில்லை. அதைக் கேட்டுக் கேட்டே மனிதருக்குத் தலைக்கனம் ஏறிப்போயிருந்தது. வித்தை ஒன்றும் பெரிதில்லை. முகம் முழுக்க நுரை பூசி, கத்தியைத் தாடையில் வைத்துக்கொண்டு, மரவாடி முதலாளியின் பேச்சைச் சும்மா எடுப்பார். நாலு தடவையாக ஊர்த் தலைவர் முதலாளிதான். கத்தி கழுத்தருகே இருக்கும்போது எவனும் வாய் திறப்பதில்லை. ஆனால் அவரைப் பிடிக்காதவனுக்குத் தாடை இறுகும். அது விரலுக்குத் தெரிந்துவிடும். தாடை இறுகிய வீட்டுக்கு இரண்டு எதிர் ஓட்டு என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொள்வார். புருஷன் எந்தப் பக்கமோ பெண்டாட்டியும் அந்தப் பக்கம்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை.

முதலாளி வாரத்துக்கு இரண்டு தடவை ஷேவிங்குக்கு வருவார். எதிர் ஓட்டு எத்தனை, யார் யார் என்று பேச்சுவாக்கில் கேட்பார். இவரும் பேச்சுவாக்கில் சொல்லிவிடுவார். ஊருக்கே தெரிந்ததைத்தானே சொன்னோம் என்று தனக்குத்தானே சமாதானம் வேறு.

போன தேர்தலில் சொன்ன பேர்களில் மனைவியின் தம்பி பேரும் ஒன்று. சைக்கிள் கடை வைத்திருந்தான். ஓட்டு எண்ணி முடித்த அடுத்த வாரமே, சாக்கடை கட்டப்போகிறோம் என்று அவன் கடை வாசலில் ஆளுயரக் குழி வெட்டிப் போட்டார்கள். எட்டு மாதம் மூடவில்லை. ஒரு நாள் அதில் தலைகுப்புறக் கிடந்தான், இடுப்பு ஒடிந்து. தானாக விழுந்தானா என்று யாரும் கேட்கவில்லை. இப்போது வேறு ஊரில் படுத்த படுக்கை. மனைவி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மறந்துவிட்டாள் என்று சலூன்காரர் நினைத்துக்கொண்டார். புத்திசாலிதான், போங்கள்!

இந்தத் தடவை பதினெட்டு என்றார். ஊருக்கு ஒரே வாக்குச்சாவடி. பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டிய முடிவில் எதிர் ஓட்டு பத்தொன்பது என்றிருந்தது.

ஜெயித்தது முதலாளிதான். அறுநூற்றுச் சொச்சத்தில் ஒரு ஓட்டு எந்த மூலைக்கு? ஆனால் அவர் அந்தத் தாளின் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு நேரே சலூனுக்கு வந்து, நாளைக் காலையில் வருகிறேன், அந்த ஒரு ஆள் யாரென்று தெரிந்து வை என்று சொல்லிவிட்டுப் போனார்.

சலூன்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தன் எண்ணிக்கையையே பொய்யாக்கிய அந்தப் படுபாவி எவன்? மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர் இதையே சொல்லிப் புலம்பினார். மனைவி பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"ஊரெல்லாம் தேடாதீங்க. நான்தான் போட்டேன்."

அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"என் தம்பி பேரைச் சொன்னது நீங்கதான்னு குழி வெட்டின அன்னிக்கே எனக்குத் தெரியும். இப்ப என் பேரையும் போய்ச் சொல்லுங்க."

மடித்த சட்டையை அடுக்கின் மேல் வைத்துவிட்டு எழுந்து போனாள். சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். என்ன ஆனாலும் இவள் பேரை வாயால் சொல்வதில்லை என்று முடிவு செய்துகொண்டார்.

மறுநாள் கடையைத் திறக்கும்போதே முதலாளி வந்துவிட்டார். கூட வந்த இரண்டு பேர் வாசலில் நின்றார்கள். அன்றைக்குக் குழி வெட்டியவர்கள்தான். சலூன்காரர் துணி போர்த்தி, நுரை பூசி, கத்தியை எடுத்தார்.

"யாரு?" என்றார் முதலாளி.

"நான்தான் முதலாளி. அவசரத்துல சின்னம் மாறிப்போச்சு."

முதலாளி மெல்லச் சிரித்தார். இருபது வருஷமாகக் கத்தி பிடிக்கிற கை மாறாது என்றார். எதிரே இருந்த கண்ணாடியில் சலூன்காரரின் முகத்தையே பார்த்தபடி, ஒவ்வொரு பேராகச் சொல்ல ஆரம்பித்தார். பால்காரன். வாத்தியார். தையல்காரன். ஒவ்வொன்றுக்கும் நடுவில் கொஞ்சம் நிறுத்தினார். சலூன்காரருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. தாடை விஷயத்தைப் பெருமைக்காக இவரிடம் சொன்னது தான்தானே! பல்லோடு பல் பட்டுத் தன் தாடை இறுகிவிடக் கூடாதென்று வாயைத் தளர்த்தி வைத்துக்கொண்டார்.

கத்தி தொண்டைக்கு வந்திருந்தது.

"வீட்ல தங்கச்சி சௌக்கியமா?" என்றார் முதலாளி.

கண்ணாடியில் தன் தாடை இறுகுவதைச் சலூன்காரர் பார்த்தார். முதலாளியும் பார்த்தார். போர்த்திய துணிக்குள்ளிருந்து ஒரு கையை வெளியே எடுத்து, வாசலைப் பார்த்து விரலை அசைத்தார். நின்ற இரண்டு பேரும் சலூன்காரர் வீடு இருந்த தெருப் பக்கம் நடந்தார்கள்.

"வேலையை முடி," என்று சொல்லிவிட்டு முதலாளி கண்ணை மூடிக்கொண்டார்.

கழுத்து நரம்பு கத்திக்கு அடியில்தான் துடித்துக்கொண்டிருந்தது. இந்த ஆளைத் தீர்த்துவிடலாம் என்று சலூன்காரருக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் கை, பழகிய வழியிலேயே போயிற்று. ஒரு கீறல் விழாமல் வழித்து முடித்து, ஈரத் துணியால் முகத்தைத் துடைத்துவிட்டார்.