சுந்தரராஜின் தலையளவு

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு பேச்சுதான். பங்காருபேட்டை ஜங்ஷனில், கோலார் தங்கவயலுக்குப் போகும் மாரிகுப்பம் வண்டிக்குக் காத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் ஒருவர் தானாகவே ஆரம்பித்தார். "அறுபத்தேழுல கிறிஸ்மஸ் நாடகத்துக்கு ஒரு ராஜா தொப்பி செஞ்சேங்க. ஒரே தலைக்கு மூணு தபா செஞ்சேன்." அதற்குள் வண்டி வந்துவிட்டது. அவர் பெண்கள் பெட்டியில் ஏறிக்கொண்டார். ஏன் மூன்று என்று நான் கேட்கவில்லை.

மற்றதெல்லாம் என் இட்டுக்கட்டல், பெயர்கள் உட்பட.

2

(முதல் தொடக்கம் இது: "பூமிக்குள் மைல்கணக்கில் இறங்கித் தங்கம் எடுத்த ஊரில், லூயிசாவின் வீட்டில் ஒரு குன்றிமணி…" அடித்துவிட்டேன். கோலார் தங்கவயல் என்றதும் எல்லோர் பேனாவும் போகும் இடம் அது.)

ஊரிகத்தில் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடு ஒன்றில் லூயிசா தன் அப்பா ஆபிரகாமோடு இருந்தாள். வயது இருபத்தொன்பது. அப்பா முப்பது வருஷம் சுரங்கத்தில் துளை போட்டவர். கல்தூசி நெஞ்சில் இறங்கி, இப்போது கட்டிலும் இருமலுமாகக் கிடந்தார். லூயிசா அக்கம்பக்கத்தாருக்குத் துணி தைத்துக் கொடுத்தாள். பெண் கேட்டு வந்த இரண்டு இடத்தையும், அப்பாவுக்குக் கஞ்சி வைக்க ஆளில்லை என்று அவளே திருப்பி அனுப்பினாள்.

அந்த வருஷம் சர்ச் கிறிஸ்மஸ் நாடகத்தில், குழந்தை இயேசுவைப் பார்க்க வரும் மூன்று ராஜாக்களில் மூன்றாமவரின் தொப்பியை எலி கடித்துவிட்டது. புதிதாகச் செய்யும் வேலை அவளிடம் வந்தது. மூன்றாவது ராஜா சுந்தரராஜ்.

பள்ளியில் அவளுக்கு மூன்று வகுப்பு மேலே படித்தவர். அப்போதிலிருந்தே… (இந்த வாக்கியத்தை முடிக்கப் பலமுறை முயன்றேன். லூயிசாவே முடிக்காததை நான் எப்படி முடிப்பது?)

3

முதல் ஷிப்ட் முடிந்து, குளித்துவிட்டு, ஈரத்தலையோடு வந்தார்.

"இன்னா லூயிசா, அளவு எடுக்கணுமாமே?"

"குந்துங்க."

நெற்றியைச் சுற்றி நூல் பிடித்தாள். தலைமுடியிலிருந்து ஒரு சொட்டு அவள் மணிக்கட்டில் விழுந்தது. அவர் போனபிறகும் அதைத் துடைக்கவில்லை.

பழைய காலண்டர் அட்டை, மைதா பசை, ஓரத்துக்குப் பஞ்சு, கல்லுக்குப் பதில் உடைந்த வளையல் துண்டுகள்.* தலையளவுக்கு மேல் ஒரு விரல் கூட்டி வெட்டினால்தான் மடித்து ஒட்ட இடமிருக்கும். அன்றைக்கு அதை மறந்துபோனாள். அவர் மறுபடி வந்து வைத்துப் பார்த்தபோது தொப்பி தலையில் இறங்காமல் உச்சியில் நின்றது. இருவரும் சிரித்தார்கள். உள்ளேயிருந்து ஆபிரகாமும் சிரித்து, இருமினார்.

"வியாழக்கெழம வாங்க. வேற செய்றேன்."

* தங்க நிறத்துக்கு: தேயிலைப் பெட்டிக்குள் இருக்கும் ஈயத்தாளை நகத்தால் நீவி ஒட்டி, மேலே மஞ்சள்தூள் கலந்த வார்னிஷ் பூச வேண்டும். இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் தங்கம்தான்.

4

இரண்டாவது தொப்பியையும் ஒரு விரல் குறைவாகத்தான் வெட்டினாள்.

இந்தத் தடவை மறதி இல்லை. நூலை அட்டைமேல் வைத்தாள், ஒரு விரலைக் கூட்டினாள், பிறகு விரலை எடுத்துவிட்டாள். கத்தரிக்கோலை அழுத்துமுன் வாசற்கதவைச் சாத்திக்கொண்டாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள்.

வியாழக்கிழமை வந்தவர் தொப்பியை வைத்துப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"சரி, சனிக்கெழம வரேன்" என்றார்.

5

இங்கே எனக்கு சுந்தரராஜ்மேல் சந்தேகம் வந்துவிட்டது. இவருக்கு ஒன்றும் புரியவில்லையா? வெள்ளை மனசுக்காரராக வைத்திருந்தால் கதை எளிதாக ஓடும். ஆனால் சுரங்கத்தில் கூரைப்பாறையைத் தட்டி, சத்தத்தை வைத்தே விழுமா நிற்குமா என்று சொல்கிற ஆள், இரண்டு தொப்பிகளைப் பார்த்துமா புரிந்துகொள்ள மாட்டார்? அதனால் இதுவரை எழுதியதைக் கலைக்காமல், அவருக்கு எல்லாம் தெரியும் என்று மட்டும் மாற்றிக்கொண்டேன். நீங்களும் மாற்றிக்கொள்ளுங்கள்.

6

சனிக்கிழமை. மூன்றாவது தொப்பி சரியாக உட்கார்ந்தது. சின்னதாக வெட்ட அவளுக்கு இனித் தைரியமில்லை. கண்ணாடியைப் பிடித்துக் காட்டினாள். அவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

"வடக்க, ஹட்டி தங்க மைன்ஸ்ல வேல கெடச்சிருக்குது. ஜனவரில ஜாயின் பண்ணணும்."

"சந்தோஷங்க."

"குவார்ட்டர்ஸ் குடுக்கிறாங்க. ரெண்டு ரூம்பு. ஒரு ஆளுக்கு எதுக்கு ரெண்டு ரூம்பு, சொல்லு."

லூயிசா தொப்பியின் பஞ்சைச் சரிசெய்தாள்.

"அங்க பெரிய ஆஸ்பத்திரி கீதாம்" என்றார், உள்ளறைப் பக்கம் பார்த்து. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "லைன் முழுக்க நீதான் துணி தெக்கிற. ஒருத்தருக்கும் அளவு தப்பல. என் தலைக்கு மட்டும் ரெண்டு தபா தப்புச்சே, ஏன்?"

வேணும்னுதான் என்ற ஒரு சொல் அவள் நாக்கு நுனிவரை வந்தது.

"அட்டை காஞ்சா சுருங்கும்" என்றாள்.

"சுருங்குமா?"

"சுருங்கும்."

அவர் தலையை ஆட்டினார். தொப்பியைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போனார்.

7

முடிவுகளை எழுதிப் பார்த்தேன். ஒன்றில், ஆபிரகாமைக் கைத்தாங்கலாக ரயிலேற்றி மூவரும் ஹட்டிக்குப் போகிறார்கள். படிக்கும்போது எனக்கே கண் கலங்கியது. அதனாலேயே நம்பாமல் கிழித்தேன். இன்னொன்றில் அவர் போய்விடுகிறார், அவள் மூன்று தொப்பிகளையும் அடுப்பில்… (இல்லை. லூயிசா ஒரு துண்டு அட்டையைக்கூட வீணாக்க மாட்டாள்.) மூன்றாவதில் பல வருஷம் கழித்து ஒரு கடிதம் வருகிறது. அதை எழுதவே வெட்கமாக இருந்தது.

ஆகவே அவர்களை நான் விட்டுவந்த இடத்திலேயே உங்களிடம் ஒப்படைக்கிறேன். லூயிசா உள்ளே, கையில் தொப்பியோடு. சுந்தரராஜ் வாசற்படியில் குனிந்து செருப்பின் வாரை மாட்டுகிறார். அவளுக்கு ஒரு சொல் வேண்டும். என்னிடம் இல்லை. உங்களிடம் இருந்தால் சீக்கிரம் சொல்லிக் கொடுங்கள்.

வார் எப்போதோ மாட்டியாகிவிட்டது. அவர்தான் இன்னும் நிமிரவில்லை.