முப்பத்தெட்டாம் எண்ணின் வருகை

1

புதன்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு இந்தக் கதை ஒரு விளக்கக் கடிதமாகத் தொடங்கியது. துறைத்தலைவர் கேட்டது ஒரு பக்கம். ‘பெறுநர்’ என்று எழுதினேன். மூன்றாம் பத்தியில் ஒரு மாணவி வந்து உட்கார்ந்துகொண்டாள். அதன்பிறகு அது கடிதமாக இல்லை.

நான் கல்லூரியில் இலக்கியம் நடத்துகிறவன். இருபத்திரண்டு ஆண்டுகளாக மற்றவர்கள் எழுதியதில் குறை சொல்லிச் சம்பளம் வாங்குகிறேன். சொந்தமாக எழுதுவது இதுவே முதல் தடவை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

அன்று காலை மழை

(மழை பெய்யவில்லை. கதை என்றதும் கை தானாக மழையைக் கூப்பிடுகிறது.)

மறதி மனித இயல்பு என்பதைத் தாங்கள்

(கடிதத்தின் மிச்சம். என் தவறை மனிதகுலத்தின் தலையில் கட்டுகிறது.)

நான் அறை மாறிப் போய்விட்டேன்.

இது போதும். பதினான்காம் அறைக்குப் போகவேண்டியவன் பதினைந்துக்குள் நுழைந்தேன். இரண்டும் அச்சில் வார்த்ததுபோல் இருக்கும்: அதே பச்சைப் பலகை, அதே ஆடும் மேசை. பதினைந்தில் புள்ளியியல் மாணவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய ஆசிரியர் அன்று விடுப்பு. அவருக்குப் பதிலாக என்னை அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

எண்களைக் கூப்பிட்டேன்.* அவர்களுக்கும் ஒன்றிலிருந்து எண் உண்டு. ஒன்று முதல் முப்பத்தேழு வரை ஒருவர் விடாமல் ‘உள்ளேன்’ என்றார்கள். காலை எட்டரை மணி வகுப்புக்கு முப்பத்தேழு பேரும் வந்த நாள் என் வாழ்க்கையில் இல்லை. அப்போதே சந்தேகம் வந்திருக்கவேண்டும். பெருமைதான் வந்தது.

முப்பத்தெட்டுக்குப் பதில் இல்லை. புள்ளியியலில் முப்பத்தெட்டு கிடையாது. என் வகுப்பில் உண்டு. வரவில்லை என்று குறித்தேன்.

* எண் கூப்பிடும்போது நான் நிமிர்வதில்லை. பாடம் நடத்தும்போதும் படிக்கிற கண்ணாடிதான் போட்டிருப்பேன். புத்தகத்தைத் தாண்டினால் எல்லா முகமும் ஒரே முகம்.

3

சிறுகதையை எப்படித் தொடங்குவது என்பது அன்றைய பாடம். நன்றாக நடத்தினேன். ஐம்பது நிமிடமும் ஒருவர்கூடக் கொட்டாவி விடவில்லை. மூன்று இடத்தில் சிரித்தார்கள். வெளியே வரும்போது ஒரு பையன் மட்டும், இது பரீட்சையில் வருமா என்று தயங்கிக் கேட்டான். வராமல் எங்கே போகும் என்றேன்.

இந்தப் பகுதி முதலில் மூன்று பக்கம் இருந்தது. என் மனைவி படித்துவிட்டு, எட்டு வரி போதும் என்றாள்.

“ரூம் மாறிப் போனத ஒரு வரியில சொல்லிட்டீங்க. அங்க நல்லா நடத்துனத மூணு பக்கம் சொல்றீங்க. இது விளக்கமா, சிபாரிசுக் கடிதமாங்க?”

அப்புறம் தட்டை நகர்த்திவைத்துக்கொண்டே சொன்னாள்: “நல்லவேளை, வீடு மாறிப் போகல.”

4

என் வகுப்பு பதினான்கில் பத்து நிமிடம் காத்திருந்தது. பத்து நிமிடத்தில் ஆசிரியர் வராவிட்டால் எழுந்து போகலாம் என்பது எந்த விதிப்புத்தகத்திலும் இல்லாத விதி. அதை மட்டும் எல்லாரும் தவறாமல் கடைப்பிடிப்பார்கள். முப்பத்தேழு பேர் போய்விட்டார்கள். முப்பத்தெட்டு மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

ஆக, அன்று இருந்தவள் பதிவேட்டில் இல்லை. இல்லாதவர்கள் எல்லாரும் இருந்தார்கள்.

பருவத்தின் கடைசி வாரத்தில் வருகைப் பட்டியல் ஒட்டியதும் அவள் துறையில் போய் முறையிட்டபோதுதான் இது வெளியே வந்தது. மொத்தம் அறுபது வகுப்பு. முக்கால் பங்கு, அதாவது நாற்பத்தைந்துக்கு வந்திருந்தால் பரீட்சை எழுதலாம். அவள் கணக்கில் நாற்பத்து நான்கு. எழுதாவிட்டால் ஓர் ஆண்டு போகும்.

அவளை நல்ல பாத்திரமாக்க நான் பாடுபட்டேன். நோயாளித் தாய், பகுதிநேர வேலை, இரண்டு பேருந்து மாறி

(நேரில் கேட்டேன். “தூங்கிடுவேன் சார். எட்டரைக்கு வகுப்பு வச்சா?” எழுதிய வரியை அடித்துவிட்டேன்.)

அன்று மற்றவர்களோடு ஏன் எழுந்து போகவில்லை என்றும் கேட்டேன். ஏற்கெனவே பதினைந்து வகுப்பு போய்விட்டது, இன்னொன்று போனால் தாங்காது என்று கணக்குப் பார்த்தாளாம். அப்புறம் சுவருக்கு அந்தப் பக்கம் என் குரல் கேட்டிருக்கிறது. வாசல்வரை வந்து எட்டிப் பார்த்திருக்கிறாள். அறை நிறைய ஆட்கள்.

“நடுவுல வந்து ‘சார், இது உங்க வகுப்பு இல்ல’ன்னு எப்படி சொல்றது? நல்லா போய்ட்டிருந்துச்சு. அதான் திரும்பி வந்து சுவரோரமா உக்காந்துட்டேன்.”

நோட்டைக் காட்டினாள். ஆறு பக்கம். நான் சொன்னது, சொல்லிவிட்டுத் திருத்தியது, இருமியது எல்லாம் இருந்தது. இரண்டு இடத்தில் அடைப்புக்குள் ‘இங்கே சிரிக்கிறார்கள்’. மூன்றாவது இடத்தில் ‘சிரிக்கிறார்கள், ஏன் என்று தெரியவில்லை’.

என் வகுப்பை இவ்வளவு கவனமாக யாரும் எழுதிவைத்ததில்லை. அந்த மத்தியானம் சாப்பாடு ருசித்தது என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

5

முடிவுகள்.

கடிதம் கொடுக்காமல் இருக்கலாம். கதை இங்கேயே நிற்கும். அடுத்த ஆண்டு அவள் மறுபடி என் வகுப்பில் உட்காருவாள், நான் கண்ணாடியைக் கழற்றமாட்டேன். இந்த முடிவை ஒரு மணி நேரம் வைத்திருந்தேன்.

‘அன்று என் மாணவர்களுக்கு வகுப்பே நடக்கவில்லை’ என்று எழுதலாம். நேர்மையாகத் தெரிகிறது. ஐம்பத்தொன்பதில் நாற்பத்து நான்கு. போட்டுப் பார்த்தேன். கால் வகுப்பு குறைகிறது. என் நேர்மையால் அவளுக்கு ஒரு பயனும் இல்லை.

மிஞ்சுவது ஒன்று: வகுப்பு நடந்தது; என் மாணவர்களில் கேட்டவள் அவள் ஒருத்தி. அப்படியானால் மற்ற முப்பத்தேழு பேருக்கும் ஒன்று குறையும். (அதனால் யாரும் நாற்பத்தைந்துக்குக் கீழே போகவில்லை. கதைக்காக எண்ணை மாற்றவில்லை.) நான் அறை மாறியது எழுத்தில் ஏறும். ஓய்வறையில் கொஞ்ச நாள் என்னைப் பார்த்ததும் யாராவது கதவு எண்ணைப் படித்துக் காட்டுவார்கள். பரவாயில்லை, சிரிக்கட்டும்.

அதைத்தான் எழுதினேன்.

6

துறைத்தலைவர் என்னைவிட எட்டு வயது இளையவர், விதிகளில் என்னைவிட நூறு வயது மூத்தவர். கடிதத்தை நின்றபடி படித்தார். நோட்டை உட்கார்ந்து படித்தார். ஆறு பக்கமும். மூன்றாவது சிரிப்பு எதற்கு என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

பேனாவின் மூடியைத் திறந்தார். திருத்தப் படிவம் அவர் முன்னால் இருந்தது. வெளியே நடைவழியில் முப்பத்தெட்டு நின்றிருந்தாள்.

இந்த இடத்தில் நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். கையெழுத்து விழுந்ததா என்று எனக்குத் தெரியும். சொன்னால் என் மாணவர்களைப்போல் நீங்களும் எழுந்து போய்விடுவீர்கள். அவர் கேட்டதை மட்டும் கொடுக்கிறேன், பதில் உங்களுடையது.

“சுவத்துக்கு அந்தப் பக்கம் உக்காந்து கேட்டதுக்கு வருகை போடலாம்னே வைங்க சார். இந்தப் பக்கம் உக்காந்து கேக்காதவங்களுக்கு என்ன போடறது?”