கோச் பிடித்த கேட்ச்

அருள்முருகன் ராஸ் அல் கைமாவுக்கு டைல்ஸ் கம்பெனியில் சரக்கு அடுக்க வந்தவன். தொழிலாளர் கேம்ப்புக்குப் பின்னாலிருந்த கட்டாந்தரையில், வெள்ளிக்கிழமை கிரிக்கெட்டில், அவன் ஓடிப்போய்ப் பிடித்த கேட்ச்சைப் பார்த்துத்தான் ஷார்ஜா பேஸ்பால் அணி அவனைச் சம்பளத்துக்கு அமர்த்தியது. மைதானத்தின் கடைக்கோடியில் நின்று, உயரே வரும் பந்துகளைப் பிடிக்க வேண்டும். அதில் அவன் புலி. மட்டை பிடிப்பதில்தான் சனி. பேஸ்பாலில் பந்தை அடித்ததும் மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடுவார்கள். இவனோ முதல் வருடம் முழுக்க அதையும் தூக்கிக்கொண்டே ஓடினான்.

அதனால் எந்த அணியும் அவனை ஆசையாக அழைத்து, மரியாதையாக அனுப்பிவைத்தது. ஷார்ஜா, தோஹா, அல் கோபார், திரும்பவும் ஷார்ஜா. பரமக்குடியிலிருந்து மனைவி பானுமதி போனில் முதலில் கேட்பதே, "இப்ப எந்த ஊர்ல இருக்கீக?" என்றுதான்.

முப்பத்தெட்டு வயதில் முழங்கால் மக்கர் பண்ணியது. ஷார்ஜா அணி மேலாளர் சுஐபு, கீழக்கரைக்காரர், கூப்பிட்டுவிட்டார்.

"ஓடுனது கலாஸ், அருளு. இனிமே நீ கோச்சு."

"கோச்சுன்னா என்னண்ணே செய்யணும்?"

"முதல் பேஸ்கிட்ட, கோட்டுக்கு வெளியே நில்லு. நம்ம பய அடிச்சிட்டு வந்தா, ஓடணுமா நிக்கணுமான்னு சொல்லு. வேற ஒண்ணும் செஞ்சிராத."

இதைவிடச் சுலபமான டூட்டி வளைகுடாவிலேயே கிடையாது என்று நினைத்தான் அருள்முருகன்.

கோச்சாக அவனுக்கு முதல் ஆட்டம் துபாய் அணியோடு. கடைசிச் சுற்றில் ஷார்ஜா ஒரே ஒரு ஓட்டம் பின்தங்கியிருந்தது; இன்னும் ஓர் ஆள் அவுட்டானால் ஆட்டம் முடிந்துவிடும். ஷார்ஜா பையன் ரோஹித் ஓங்கி அடித்த பந்து விண்ணென்று எழும்பி, கோட்டைத் தாண்டி, கோச் நின்ற பக்கமாக இறங்கியது. எதிரணிக்காரன் ஒருவன் அதைப் பிடிக்க ஓடி வந்தான். அவனுக்கு வழிவிட்டு ஒதுங்க வேண்டும். மண்டைக்கு அது தெரியும், கால்கள் கேட்டால்தானே! முழங்கால் வலி எங்கே போனதோ, பாய்ந்துபோய், வந்தவனை முந்தி, காற்றில் படுத்து, வெறுங்கையால் பந்தைப் பிடித்துவிட்டான் அருள்முருகன். எழுந்து தலைக்கு மேலே தூக்கி வேறு காட்டினான்.

எதிராளி பிடிக்க வந்த பந்தில் கோச் குறுக்கிட்டதால் ரோஹித் அவுட் என்று நடுவர் கையைத் தூக்கினார். அதோடு ஆட்டமும் முடிந்தது.

சுஐபு தொப்பியைத் தரையில் அடித்துவிட்டு ஓடி வந்தார். "ஏம்ப்பா, நீ எந்தக் கட்சி?"

"உசரமா வந்துச்சுண்ணே. விட மனசு வரல."

தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த ரோஹித், அதைக் கேட்டு அடக்கமாட்டாமல் சிரித்தான். துபாய்க்காரர்கள் கை தட்டினார்கள்.

மறுநாள் அந்த வீடியோ பரமக்குடி வரை போய்விட்டது. "இத்தன வருசம் ஆடுனீக, ஒரு நாளாவது எவனாவது உங்க மொகத்தக் காட்டுனானா?" என்று பானுமதி பூரித்துப்போனாள். "ஆமா, அந்தப் பையன் எதுக்குத் தலையில கை வச்சான்?"

அருள்முருகன் பேச்சை முழங்கால் வலிக்குத் திருப்பினான்.

அந்த வாரமே, தங்கள் ஆட்களுக்குக் கேட்ச் பழக்க அவனைத் தர முடியுமா என்று தோஹா அணியிலிருந்து கேட்டார்கள். சுஐபு போனில் அரபியில் ஒரே வார்த்தை சொன்னார்: "மாஃபி." இவனை விடமாட்டேன் என்று ஓர் அணி சொன்னது அதுவே முதல் தடவை. பக்கத்தில் நின்ற அருள்முருகன், ஒன்றும் கேட்காதவன் போல ஷூ நாடாவை அவிழ்த்துத் திரும்பக் கட்டினான்.

முதல் பேஸ் பக்கம் போகக் கூடாதென்று அவனுக்குத் தடை விழுந்தது. மாலையில், வெயில் கண்ணில் அடிக்கும் நேரமாகப் பார்த்து, ஷார்ஜா ஆட்களுக்கு உயரப் பந்து பிடிக்கப் பழக்கத் தொடங்கினான். முதல் ஆளாக வந்து நின்றவன் ரோஹித்.