பட்டினி போடாத கோழிகள்

திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குச் சரக்குப் போடுகிறவர்கள் தங்கள் லெட்டர்பேடில் நாலைந்து வெற்றுத் தாள்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து வைப்பது வழக்கம். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் கேட்கும் உறுதிமொழியைக் கம்பெனியே டைப் அடித்துக்கொள்ளும். நூல்காரர், சாயப்பட்டறைக்காரர், பட்டன்காரர் எல்லோரும் கொடுத்திருந்தார்கள். நல்லூரில் முட்டைக் கடை நடத்திய சைதுன்னிசாவும் கம்பெனி கேன்டீனுக்கு முட்டை போடும் ஆர்டர் கிடைத்த அன்றே கொடுத்துவிட்டாள்.

தொண்ணூற்றேழாம் வருஷம் ஆடி மாசம் ஒரு காலை, கம்பெனி மேனேஜர் சென்னியப்பன் அவளை வரச் சொல்லி அதில் ஒரு தாளைப் படித்துக் காட்டினார். அவள் விற்பது கூண்டில் அடைக்காத, பட்டினி போடாத கோழிகளின் முட்டை. இல்லையென்று தெரிந்தால் விற்றவரே பொறுப்பு என்று அடித்திருந்தது. நாளைக்கு ஜெர்மனியிலிருந்து ஆடிட்டுக்கு ஒரு அம்மாள் வருகிறாள், கேட்டால் ஆமாம் என்று சொன்னால் போதும் என்றார்.

ஆறு வருஷமாக அவள் கடைக்கு முட்டை அவிநாசிப் பக்கத்துப் பண்ணையிலிருந்து வேனில் வந்து இறங்கியது. சைதுன்னிசா அந்தப் பண்ணையைப் பார்த்ததே இல்லை. அன்று மத்தியானம் பஸ் ஏறினாள்.

கொட்டகையை நெருங்குமுன்பே நாற்றம் தொண்டையில் வந்து ஒட்டியது. உள்ளே மூன்றடுக்குக் கம்பிக் கூண்டுகள். அடியில் முழங்கால் உயரம் எச்சம், அதன்மேல் புழு நெளிந்தது. கூண்டுக்கு ஐந்து கோழிகள், முதுகில் இறகில்லாமல், தோல் புண்ணாகி. ஒரு கூண்டில் செத்து நாளான கோழியை மற்ற நான்கும் மிதித்தபடி கொத்திக்கொண்டிருந்தன. தீனித் தொட்டி வழித்துத் துடைத்தாற்போல் இருந்தது.

பண்ணைக்காரி ரங்காத்தாள் மூக்கைக்கூடச் சுளிக்கவில்லை. "பத்து நாளைக்குத் தீனி வெக்க மாட்டமுங்க. இறகு கொட்டீருச்சுன்னா மறுக்கா நல்லா முட்டை வெக்கும். ஏனுங்க, முட்டை யாவாரம் பண்றீங்க, இது தெரியாதுங்களா?"

சைதுன்னிசா வேலியோரம் குனிந்து வாந்தி எடுத்தாள். ரங்காத்தாள் சொம்பில் கொண்டுவந்த தண்ணீரிலும் அதே நாற்றம்.

கம்பெனி மூடுமுன் திரும்பி வந்து, தாளைக் கேட்டாள்.

"சும்மா பேப்பருங்க அக்கா," என்றார் சென்னியப்பன். "பண்ணைக்குப் போயி யாருங்க பாக்கறாங்க?"

"நான் பாத்துட்டு வந்துட்டனுங்க."

பேப்பர் இல்லையென்றால் ஆர்டர் இல்லை என்றார் அவர். கேன்டீன் போனால் கடையில் பாதி வியாபாரம் போனது மாதிரி. அது இருவருக்கும் தெரியும். அவள் அடித்த தாளையும் மிச்சமிருந்த வெற்றுத் தாள்களையும் வாங்கிக் கிழித்து, மேஜைக்கடியில் இருந்த கூடையில் போட்டாள்.

சென்னியப்பன் கோபப்படவில்லை. பீரோவைத் திறந்து வேறொரு ஃபைலை எடுத்தார். மார்க்கெட்டில் முட்டைக் கடை வைத்திருக்கும் பாரூக்கின் லெட்டர்பேடு, கீழே கையெழுத்தோடு. டைப் அடிக்கும் பெண்ணைக் கூப்பிட்டு, அதே உறுதிமொழியைக் கடைப் பெயரை மட்டும் மாற்றி அதில் அடிக்கச் சொன்னார்.

"பாரூக் பாய் எங்கீங்க முட்டை எடுக்கறாரு?"

"அதே பண்ணைதானுங்க அக்கா. வேனும் அதேதான்."

டைப்ரைட்டர் தட்டத் தொடங்கியது. சைதுன்னிசா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். தலைப்பிலும் கோழி எச்சம் நாறியது.