குங்குமம் நிறைஞ்சிருச்சு

"உப்பு நிறைஞ்சிருச்சு, வரும்போது ஒரு பாக்கெட் வாங்கிட்டு வாங்க" என்று கணவன் குருவுக்குத் தகவல் அனுப்பிவிட்டுத்தான் அன்று காலை புனிதா அலுவலகக் கணினியைத் திறந்தாள். கேட்டதை அவன் வாங்கி வருவான் என்ற நம்பிக்கை அவளுக்குப் பெரிதாக இல்லை. அவளுடைய கவலையெல்லாம் வெள்ளிக்கிழமையைப் பற்றியது.

பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான், அம்பாங் என்று மூன்று ஊர்களில் ரமணிக்குப் பூஜைப் பொருள் கடைகள். தலைமை அலுவலகம் பிரிக்பீல்ட்ஸ் கடையின் மாடியில். மூன்று கடை ஆட்களும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள, வேலையாட்கள் மட்டும் பார்க்கும்படியாக "நம்ம கடை" என்று இணையத்தில் ஒரு பக்கத்தைத் தொடங்கிவைத்தவள் புனிதா. படம் போடலாம், செய்தி எழுதலாம், கீழே பதில் எழுதலாம். ஊர் உலகமே இப்படித்தான் வேலை பார்க்கிறது என்று அவள் அடித்துச் சொன்னதில் ரமணி மயங்கி, அவளைக் கணக்குப் பிரிவிலிருந்து எடுத்து இதற்கென்றே தனியாக உட்கார வைத்தார். மயக்கம் இப்போது தெளிந்துவிட்டது.

"இதனால கடைக்கு என்ன லாபம்? வெள்ளிக்கிழமை வந்து சொல்லு. இல்லாட்டி மூடிட்டுப் பழையபடி போன்லயே பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டார். பக்கம் மூடினால் அவளுடைய நாற்காலியும் போய்விடும் என்பதை அவர் சொல்லவில்லை. அது சொல்லாமலே விளங்கியது.

புனிதா வண்ண வண்ணமாக வரைபடம் போட்டாள். எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் விருப்பம் போட்டார்கள், எத்தனை பதில்கள் என்று எல்லாம் இருந்தது. எழுதியது என்ன என்று பார்த்தால்தான் வயிற்றெரிச்சல். ஒருவர் தான் சாப்பிட்ட நாசி லெமாக் சோற்றைப் படம் போட்டிருந்தார். இன்னொருவர் ஊதுபத்திப் பெட்டிமேல் தூங்கும் பூனையைப் போட்டிருந்தார், அதற்குத்தான் ஆக அதிக விருப்பம். ரமணியிடம் பூனையைக் காட்டி லாபம் என்று சொல்ல முடியுமா? வேலை சம்பந்தமாக மட்டும் எழுதவும் என்று ஒரு அறிவிப்பும் போட்டுப் பார்த்தாள். அதற்கும் கைதட்டும் பொம்மை போட்டார்களே தவிர யாரும் திருந்தவில்லை.

அந்தக் காலையில்தான் கிள்ளான் கடை அமுதவள்ளி ஒரே வரி எழுதியிருந்தாள். "குங்குமம் நிறைஞ்சிருச்சு."

புனிதாவுக்கு உச்சி குளிர்ந்தது. அப்பாடா, ஒருத்தியாவது உருப்படியாகச் சரக்கு நிலவரம் எழுதினாளே! உடனே காரியத்தில் இறங்கினாள். அன்று கிள்ளானுக்குப் போக வேண்டிய டிரைவர் வாசுவின் சரக்கு லோரியை, அங்கே சரக்குத் தேவையில்லை என்று நிறுத்தினாள். ஆடி வெள்ளித் திருவிளக்குப் பூஜைக்குக் குங்குமப் பொட்டலம் கேட்டிருந்த கிள்ளான் கோயில் செயலாளருக்குப் போன் போட்டு, "நீங்க பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் வர வேணாம் அங்கிள், கிள்ளான் கடையிலயே நிறைய இருக்கு" என்றாள். செய்தி வந்தது, முடிவெடுத்தாள், அலைச்சல் மிச்சம். ரமணி கேட்ட லாபம் இதுதானே என்று அதையும் வரைபடத்தோடு சேர்த்துக்கொண்டாள்.

மறுநாள் வியாழக்கிழமை மத்தியானம் செயலாளர் நேராக ரமணிக்கே போன் செய்துவிட்டார். கிள்ளான் கடையில் ஒரு பொட்டலம் குங்குமம் கூட இல்லையாம். விடிந்தால் பூஜை.

"விளையாடுறியா? போய்ச் சரி பண்ணிட்டு வா!" என்று ரமணி மாடி அதிரக் கத்தினார்.

கொமுட்டர் ரயிலில் ஏறி உட்கார்ந்தபோது புனிதாவுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம். அமுதவள்ளிக்கு இந்தப் பக்கம் ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. "எனக்குப் போன் போதும்லா" என்று முகத்துக்கு நேராகவே சொன்னவள். வேண்டுமென்றே கவிழ்த்துவிட்டாள். ஆனால் எழுதியது எழுதியதுதானே? புனிதா அந்த ஒற்றை வரியைப் படம் பிடித்து வைத்துக்கொண்டாள். நாளைக்கு ரமணியிடம் இதைக் காட்டினால் போதும். பக்கம் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது, பொய் எழுதியவள் அமுதவள்ளி. தன் நாற்காலி தப்பிக்கும். அவள் நாற்காலி தப்பிக்குமா என்பது அவள் பாடு.

ரயில் சுபாங் ஜெயாவைத் தாண்டியபோது குருவிடமிருந்து தகவல் வந்தது. "நேத்து உப்பு மறந்துட்டேன், சாரி. தூள் உப்பா, கல் உப்பா?"

"கல் உப்பு" என்று தட்டியவளின் கண் மேலே இருந்த தன்னுடைய சொந்த வரியில் போய் நின்றது. உப்பு நிறைஞ்சிருச்சு.

வீட்டில் உப்பு, மஞ்சள், குங்குமம், அரிசி தீர்ந்தால் தீர்ந்தது என்றோ இல்லை என்றோ அவள் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. நிறைஞ்சிருச்சு என்று மங்கலமாகத்தான் சொல்வாள். குருவும், எதற்கு வாங்கணும், அதான் நிறைஞ்சிருக்கே என்று ஒருநாளும் கேட்டதில்லை. சமையலறையில் புரிந்த சொல் கணினித் திரையில் வந்ததும் அவளுக்கு மட்டும் புரியாமல் போய்விட்டது. காது இரண்டும் சூடாகிவிட்டன.

பக்கத்தைத் திறந்து அமுதவள்ளியின் வரியைத் தொட்டாள். கீழே ஏழு பதில்கள். வரைபடத்தில் ஏழு என்று போட்டவள்தான், ஒன்றையும் திறந்து பார்த்திருக்கவில்லை.

அம்பாங் கடை மலர் எழுதியிருந்தாள்: "அக்கா, எங்கிட்ட ரெண்டு பெட்டி இருக்கு. வாசு அண்ணே, கிள்ளான் போறீங்களா?"

வாசு: "போறதாதான் இருந்துச்சு. கிள்ளான் வேணாம்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. நாளைக்குப் பக்கத்துல பண்டமாரான்ல லோட் இருக்கு, அப்ப கொண்டாந்து போட்டுடறேன்."

"ஆடி வெள்ளி வருது, மறந்துடாதீங்க" என்று மறுபடி மலர். அதற்குக் கீழே கும்பிடும் கைகள், அமுதவள்ளி போட்டது.

அமுதவள்ளி எழுதிய சற்று நேரத்திலேயே மூன்று பேரும் சேர்ந்து காரியத்தை முடித்திருந்தார்கள். இடையில் முட்டுக்கட்டை போட்டது ஒரே ஒருத்தி. புனிதாவுக்கு அந்த ரயிலிலேயே இறங்காமல் திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது.

கிள்ளான் கடைவாசலில் வாசு பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். கோயில் செயலாளர் உள்ளே தே தாரிக் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார், கோபம் பாதி ஆறியிருந்தது. அமுதவள்ளிக்குத்தான் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏம்மா, நான் தெளிவாத்தானே எழுதினேன்? ஆடி மாசத்துல குங்குமம் இல்லைன்னு எழுத எனக்குக் கை வருமா, சொல்லு. பாஸ் என்னை வேலையை விட்டு நிறுத்திடுவாரா?"

புனிதாவின் கைப்பையில், போனுக்குள், அந்தப் படம் இருந்தது.

"நீங்க சரியாத்தான் எழுதினீங்கக்கா. நான்தான் படிக்கல" என்றாள்.

வெள்ளிக்கிழமை ரமணியின் அறைக்குள் வரைபடம் இல்லாமல்தான் போனாள். அமுதவள்ளியின் வரியையும் கீழே இருந்த பதில்களையும் அப்படியே காகிதத்தில் எடுத்து அவர்முன் வைத்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். ரமணி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மெல்லப் படித்தார்.

"கிள்ளான்காரி எழுதினது அம்பாங்காரிக்குப் புரிஞ்சிருக்கு. லோரிக்காரனுக்கும் புரிஞ்சிருக்கு. யாரும் சொல்லாமலே சரக்குப் போய்ச் சேர்ந்திருக்கு. போன்ல இது நடக்காது. அமுதவள்ளி உனக்குப் பேசியிருப்பா, நீ மலருக்குப் பேசியிருப்பே, அதுக்குள்ள பூஜை முடிஞ்சிருக்கும்." காகிதத்தைக் கீழே வைத்தார். "அப்ப பக்கம் வேணும். புரியாதது உனக்கு மட்டும்தான். நீ எதுக்கு?"

இதற்குப் பதில் எந்த வரைபடத்திலும் இல்லை.

"படிக்கிறதுக்கு, பாஸ்" என்றாள். "இத்தனை நாள் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். பூனைப் படத்துக்குக் கீழே கூட என்னமோ பேசியிருக்காங்க. நேத்து ராத்திரிதான் பார்த்தேன். அந்த ஊதுபத்திப் பெட்டி ஈரமாயிடுச்சுன்னு போன மாசமே எழுதியிருக்காங்க. கூரை ஒழுகுது."

"எந்தக் கடை?"

"அம்பாங்."

ரமணி ஏதோ முனகிக்கொண்டே கூரைக்காரருக்கு ஆள் அனுப்பச் சொன்னார். பிறகு அவளை மேலும் கீழும் பார்த்தார். முகத்திலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. பேரம் பேசியே வளர்ந்த முகம் அது.

"சரி. இந்தப் பக்கத்துக்குன்னு குடுத்த பணத்துல இப்ப எவ்வளவு இருக்கு?"

புனிதா குரலைத் தாழ்த்தினாள்.

"நிறைஞ்சிருச்சு, பாஸ்."

ரமணி சிரித்த சிரிப்பு கீழே கல்லாவில் இருந்தவர்களுக்கும் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வருஷம் பக்கத்துக்குப் பணம் ஒதுக்கும் காகிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.